லுகாசியிலிருந்து வில்லியம்ஸ்போர்ட் வரை: உகாண்டா சிறுவர் பேஸ்பால் அணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிட்டில் லீக் என்ற அமைப்பு நடத்தும் பன்னிரண்டு வயதுப் பையன்களின் பேஸ்பால் உலகத் தொடர் ஒன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்காவில் நடக்கிறது. அதற்குத் தகுதி பெற ஆப்பிரிக்க அணிகள் போலந்துக்குப் போய் மண்டலப் போட்டியில் ஜெயித்தாக வேண்டும். உகாண்டா அணி 2011-ல் ஜெயித்தது, ஆனால் போக முடியவில்லை. 2012-ல் ஜெயித்துப் போனது. 2015-ல் மறுபடியும் போய் ஒரு பெரிய அணியைத் தோற்கடித்தது. இந்தக் கதையைப் பேசும்போதெல்லாம் வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களும் படிக்கலாம்.

லிட்டில் லீக் என்பது என்ன?

சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பு. கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1939-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் என்ற சிறு நகரத்தில் ஆரம்பித்தார். பெரியவர்கள் ஆடும் மைதானம் சிறுவர்களுக்கு ரொம்பப் பெரிது, அதைச் சுருக்கிக் கொடுத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. இப்போது பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. 1947-லிருந்து நடந்துவரும் உலகத் தொடருக்கு 1959 முதல் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தெற்கு வில்லியம்ஸ்போர்ட்தான் இடம்.

"உகாண்டா" என்றால் அந்த நாட்டின் தேசிய அணியா?

இல்லை. தொலைக்காட்சியில் நாட்டின் பெயரைப் போட்டுவிடுவதால் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. லிட்டில் லீக்கில் ஆடுவது ஓர் ஊரின் அணி, அல்லது ஒரு பள்ளியின் அணி. ஒவ்வொரு கிளைக்கும் எல்லை வகுத்திருப்பார்கள். அந்த எல்லைக்குள் குடியிருக்கும் பையன்களோ அங்குள்ள பள்ளியில் படிக்கும் பையன்களோதான் ஆடலாம். நாடு முழுக்கத் தேடிச் சிறந்த பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுக்க அனுமதி கிடையாது.

ஆகவே 2011-ல் ஜெயித்தது கம்பாலாவைச் சேர்ந்த ஒரு கிளை. 2012-ல் போனது லுகாசி என்ற ஊரின் அணி. 2015-ல் போனது அதே லுகாசியில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியின் அணி. மூன்றையும் "உகாண்டா அணி" என்று ஒன்றாகச் சொல்வது ஒரு வசதிக்குத்தான். நானும் அப்படித்தான் சொல்லப் போகிறேன்.

கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. எவ்வளவு தெரிந்திருந்தால் போதும்?

கொஞ்சம் போதும். பிட்சர் எறிகிறார், பேட்டர் அடிக்கிறார், அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிறார். மூன்று பேஸையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். பந்து தரையில் குத்தி வராது, நேராக வரும். அடிக்கக்கூடிய மூன்று பந்துகளை விட்டாலோ வீசித் தவறினாலோ அவுட். மூன்று அவுட் ஆனதும் பக்கம் மாறும். பெரியவர்களுக்கு ஒன்பது இன்னிங்ஸ், லிட்டில் லீக்கில் ஆறு. கிரிக்கெட்டில் ஒருவர் நின்று நூறு அடிக்கலாம். இங்கே உலகத்திலேயே சிறந்த பேட்டரும் பத்துக்கு ஆறு ஏழு முறை அவுட் ஆகித்தான் திரும்புவார். அதனால் 4-1, 3-2 என்று வரும் ஸ்கோரைப் பார்த்துச் சப்பென்று நினைத்துவிட வேண்டாம்.

சிறுவர் ஆட்டத்தில் அளவுகள் வேறு. பேஸ்களுக்கு நடுவில் 60 அடி, பெரியவர்களுக்கு 90 அடி. பிட்சர் எறிவது 46 அடியிலிருந்து. பெரியவர்களுக்கு அது அறுபது அடிக்குச் சற்று மேல். தூரம் குறைவதால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒரு பையன் மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், எதிரே நிற்பவனுக்குக் கிடைக்கும் நேரம், பெரியவர் மைதானத்தில் 148 கிலோமீட்டர் வேகப் பந்தைச் சந்திப்பவருக்குக் கிடைக்கும் நேரம்தான். சின்னப் பசங்க விளையாட்டு என்று சிரிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆப்பிரிக்க அணி போலந்தில் போய் ஏன் ஆட வேண்டும்?

லிட்டில் லீக் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஜப்பான், கனடா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கிளைகள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் தனி மண்டலம். கிளைகள் குறைவாக உள்ள நாடுகளை மொத்தமாகச் சேர்த்து ஒரு மண்டலமாக்குவார்கள். அதில் முதலாவதாக வரும் ஒரே அணிக்குத்தான் வில்லியம்ஸ்போர்ட் வாய்ப்பு.

2012 வரை மத்திய கிழக்கும் ஆப்பிரிக்காவும் ஒரு மண்டலம், ஐரோப்பா தனி. 2013-லிருந்து மத்திய கிழக்கைப் பெரும்பாலும் ஆசிய-பசிபிக்கோடு சேர்த்துவிட்டு ஆப்பிரிக்காவை ஐரோப்பாவோடு இணைத்தார்கள். இந்த ஒரு நிர்வாக முடிவு உகாண்டாவின் தலையெழுத்தையே மாற்றியது. அதைக் கீழே சொல்கிறேன்.

போட்டி நடக்கும் இடம் போலந்தின் நடுப்பகுதியில் உள்ள குட்னோ. ரயில் பாதைகள் சந்திக்கும் சின்ன ஊர். ஐரோப்பாவுக்கான லிட்டில் லீக் வளாகம் அங்கேதான் இருக்கிறது. பேஸ்பாலுக்கும் குட்னோவுக்கும் என்ன சம்பந்தம்? 1980-களில், கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த காலத்திலேயே, கியூபாவிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் அங்குள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பின்னால் போலந்து வம்சாவளி அமெரிக்கர்களின் பணமும் செல்வாக்கும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் ஜாம்பவான் ஸ்டான் மியூசியல் அவர்களில் ஒருவர். அங்குள்ள ஒரு மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பழைய மத்திய கிழக்கு-ஆப்பிரிக்க மண்டலத்தில் உகாண்டாவுக்கு எதிரி யார்?

சவுதி அரேபியாவின் தஹ்ரான். பெயரைக் கேட்டதும் சவுதிச் சிறுவர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆடும் அணி. பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகள். குடியிருப்புக்குள்ளேயே புல்தரை மைதானம், விளையாட்டு தெரிந்த அப்பாக்கள், கையில் அமெரிக்க பாஸ்போர்ட். பல ஆண்டுகளாக அந்த அணிதான் மண்டலத்தை ஜெயித்து வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, விதிப்படிதான் ஆடினார்கள். ஆனால் "மத்திய கிழக்கு மற்றும் ஆப்பிரிக்கா" என்று சட்டையில் எழுதிக்கொண்டு டெக்சாஸ் உச்சரிப்பில் பேசும் பையன்கள் இறங்குவதைப் பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

உகாண்டாவில் பேஸ்பால் எப்படி வந்தது? லுகாசி எங்கே இருக்கிறது?

லுகாசி, கம்பாலாவிலிருந்து ஜின்ஜா போகும் நெடுஞ்சாலையில், கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஊரைச் சுற்றிக் கரும்புத் தோட்டம், பக்கத்தில் மபீரா காடு. ஊர் வளர்ந்ததே சர்க்கரை ஆலையை வைத்துத்தான். அந்த ஆலையை 1924-ல் தொடங்கியவர் குஜராத்திலிருந்து கப்பலேறிப் போன நான்ஜி காளிதாஸ் மேத்தா. கிழக்கு ஆப்பிரிக்காவில் எந்த ஊரைக் கிளறினாலும் ஓர் இந்தியக் கடையோ ஆலையோ தட்டுப்படும், லுகாசியும் அப்படித்தான்.

உகாண்டாவில் மக்களின் ஆட்டம் கால்பந்து. அதற்குப் பின்னால் கிரிக்கெட்டும் ரக்பியும், ஆங்கிலேயர் விட்டுப்போனவை. பேஸ்பாலுக்குப் பள்ளிகள்தான் வீடு. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் கற்றுக்கொடுத்ததை உள்ளூர் ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் பெரிதானதற்கு ஒரு காரணம் ரிச்சர்ட் ஸ்டான்லி என்ற அமெரிக்கர். வேதியியல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பாலாவுக்கு மேற்கே ம்பிகி பக்கத்தில் சொந்தப் பணத்தைப் போட்டு மைதானங்கள் உள்ள ஒரு வளாகத்தையே கட்டினார்.

இதைச் சொன்னதும் "வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றிய கதை" என்று முடித்துவிடுகிறார்கள். மைதானம் கட்டிவிட்டால் மட்டும் குட்னோவில் கோப்பை கிடைத்துவிடாது. தினமும் பள்ளி விட்டதும் பையன்களை நிறுத்தி எறியவும் பிடிக்கவும் பழக்கியது உள்ளூர்ப் பயிற்சியாளர்கள்.

மண்டலப் போட்டியில் பயிற்சியாளருக்கு எது பெரிய தலைவலி?

பிட்சர்களின் கை. பையன்களின் தோளும் முழங்கையும் கெட்டுப்போகக் கூடாது என்று லிட்டில் லீக் 2007 முதல் எறிகளை எண்ணுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளில் 85 எறிகளுக்கு மேல் போகக் கூடாது. 66-ஐத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். இருபதுக்குள் நிறுத்திக்கொண்டால் மறுநாளே மறுபடி எறியலாம்.

இப்போது ஒரு வாரத்துக்குள் நடந்து முடியும் மண்டலப் போட்டியைக் கற்பனை செய்துபாருங்கள். உங்களிடம் நல்ல பிட்சர்கள் இரண்டே பேர். அரையிறுதியில் ஒரு ரன் முன்னிலை, உங்கள் சிறந்த பையன் 34 எறிகள் போட்டுவிட்டான். அவனை நிறுத்தினால் ஒரு நாள் கழித்து இறுதிப் போட்டிக்குக் கிடைப்பான். தொடர விட்டால் இன்றைக்கு ஜெயிக்கலாம், இறுதியில் அவன் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவான். பையன்களின் பயிற்சியாளர்கள் கையில் கவுன்டரை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எறிக்கும் அமுக்குவது இதனால்தான். போதாக்குறைக்கு இன்னொரு விதியும் உண்டு. 41 எறிகளைத் தொட்ட பையன் அன்றைக்குக் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவராக, உட்காரக் கூடாது. சிறு ஊர் அணிகளில் பெரும்பாலும் நல்ல பிட்சரும் நல்ல கேட்சரும் ஒரே பையன்தான்!

பெரிய கிளைகள் உள்ள நாட்டு அணிகள் ஐந்தாறு பிட்சர்களோடு வரும். உகாண்டா போன்ற அணிக்கு அந்த வசதி இல்லை. முதல் நாள் ஜொலித்துவிட்டு மூன்றாம் நாள் துவண்டுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், திறமைக் குறைவு அல்ல.

2011-ல் சரியாக என்ன நடந்தது?

கம்பாலா அணி குட்னோவில் தஹ்ரான் அணியை வென்று மண்டலத்தைப் பிடித்தது. லிட்டில் லீக் உலகத் தொடருக்குத் தகுதி பெற்ற முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயர் கிடைத்தது. முதல் ஆட்டம் கனடாவின் லாங்லி அணியோடு என்று அட்டவணையும் தயாராகிவிட்டது.

அமெரிக்காவுக்குப் போக விசா வேண்டும். கம்பாலாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் நடந்தது. ஆவணங்களில் இருந்த பிறந்த தேதிகளும் நேர்காணலில் வெளிவந்த தகவல்களும் ஒத்துப்போகவில்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள். உகாண்டாவின் இடத்தில் யார் போனது? இறுதிப் போட்டியில் தோற்ற தஹ்ரான் அணி.

அப்படியானால் ஏமாற்றினார்கள் என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தேதிகள் முரண்பட்டது உண்மை. வயதைக் குறைத்துக் காட்டியவர்கள் யாராவது இருந்தால் அது தப்பு, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் உகாண்டாவில் அந்தக் காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பிறப்பு அரசுப் பதிவேட்டில் ஏறவே இல்லை. வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் வாங்க யாரும் அலுவலகம் போகவில்லை, தேவையும் வரவில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயதாகி, பாஸ்போர்ட் வேண்டும் என்ற நாளில்தான் தேதி தேட ஆரம்பிக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி, ஞானஸ்நானச் சீட்டில் ஒரு தேதி, அம்மா சொல்வது இன்னொன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதியே பிறந்தநாளாகிப்போன பெரியவர்கள் நம் பக்கத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் பிறந்த தாத்தாக்கள் நம் ஊரில் இத்தனை பேர் எப்படி என்று யோசித்தால் புரிந்துவிடும்.

விசா அதிகாரிக்கு இந்த வித்தியாசம் தேவையில்லை. அவர் முன்னால் இருப்பது ஒத்துப்போகாத இரண்டு காகிதங்கள். தெரிந்தே செய்த பொய்யையும் யாரும் எழுதி வைக்காத பிறந்த தேதியையும் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை இல்லை. தண்டனை மட்டும் காகிதத்தை எழுதாத பையன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

வயது விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஒரு பையன் அரை அடி வளர்ந்துவிடுவான், அதனால்தான். 46 அடியிலிருந்து எறியும் ஆட்டத்தில் இது ஆபத்தும்கூட. இப்போதைய விதிப்படி ஆகஸ்ட் 31 அன்று 12 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

லிட்டில் லீக் சூடுபட்ட பூனையும்கூட. 1992-ல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா அணி இறுதிப் போட்டியில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சை 15-4 என்று நசுக்கியது. எல்லைக்கு வெளியே இருந்தும் வயது மீறியும் பையன்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்து பட்டத்தைப் பறித்து லாங் பீச்சுக்குக் கொடுத்தார்கள். 2001-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணிக்காக ஒரு பையன் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸைத் தொடவிடாமல் ஓர் ஆட்டம் முழுக்க எறிந்தான். நாடே கொண்டாடியது. அவனுக்கு வயது பதினான்கு என்பது அப்புறம் தெரிந்தது, அணியின் வெற்றிகள் அத்தனையும் ரத்தாயின. ஏமாற்று வேலை ஏழை நாடுகளுக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: இரண்டாவது சம்பவம் நடந்தது அமெரிக்காவுக்குள்ளேயே. இரண்டிலும் திட்டம் போட்டது பெரியவர்கள்.

கனடா பையன்கள் உகாண்டாவுக்கு வந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். லாங்லி அணி ஆகஸ்டில் உகாண்டாவோடு ஆடியிருக்க வேண்டும், நடக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்த சிலர் அதை அப்படியே விட்டுவிட விரும்பவில்லை. பணம் திரட்டினார்கள். 2012 ஜனவரியில் லாங்லி பையன்களை உகாண்டாவுக்கே கூட்டி வந்துவிட்டார்கள். அப்போது பிலடெல்பியா அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜிம்மி ராலின்ஸும், டெரெக் லீ, கிரெக் ஜான் ஆகிய தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களும் கூடவே வந்தார்கள். உலகத் தொடரில் நடந்திருக்க வேண்டிய ஆட்டம் உகாண்டா மண்ணில் நடந்தது. உகாண்டா 2-1 என்று ஜெயித்தது.

2012-ல் எப்படிப் போனார்கள்?

இந்த முறை லுகாசி அணி. குட்னோவில் குவைத்தை வென்று மண்டலத்தைப் பிடித்தது, விசாவும் கிடைத்தது. வில்லியம்ஸ்போர்ட்டில் கால் வைத்த முதல் ஆப்பிரிக்க அணி இதுதான்.

ஆட்டங்கள் எளிதாக இல்லை. பனாமாவிடம் 9-3, மெக்சிகோவிடம் 12-0. அத்தோடு பட்டத்துக்கான வாய்ப்பு முடிந்தது. ஆனால் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்ற அணிகளுக்கு ஊருக்குப் போகும் முன் ஒரு ஆட்டம் வைப்பது அப்போது வழக்கம். அதில் ஓரிகன் மாநிலத்தின் கிரெஷம் அணியை 3-2 என்று ஜெயித்தார்கள். சாதனைப் பட்டியல்களில் இந்த வெற்றியைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகட்டும், அமெரிக்காவில் வைத்து அமெரிக்க அணியைத்தானே அடித்தார்கள்.

2015-ல்?

இதுதான் விளையாட்டளவில் பெரிய சாதனை. மண்டலம் மாறிவிட்டதால் இப்போது ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணிகளையும் தாண்டி வர வேண்டும். லுகாசிப் பள்ளி அணி தாண்டியது. வில்லியம்ஸ்போர்ட்டில் முதல் ஆட்டம் டொமினிக்கன் குடியரசோடு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அதிகம் அனுப்பும் நாடு அதுதான். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே மட்டையைப் பிடிக்கிறார்கள். உகாண்டா 4-1 என்று ஜெயித்தது. பிரதான சுற்றில் ஓர் ஆப்பிரிக்க அணியின் முதல் வெற்றி. அதற்கு மேல் நீடிக்க முடியவில்லை, அந்த ஆண்டுப் பட்டம் ஜப்பானுக்குப் போனது.

செலவை யார் ஏற்கிறார்கள்?

வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை. விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் லிட்டில் லீக் பார்த்துக்கொள்ளும். கஷ்டம் அதற்கு முந்தைய படியில். மண்டலப் போட்டிக்குப் போகும் பயணத்துக்கு அணிதான் பெரும்பாலும் பணம் தேட வேண்டும். இத்தாலியிலிருந்தோ செக் குடியரசிலிருந்தோ குட்னோவுக்கு பஸ்ஸிலேயே வந்துவிடலாம். கம்பாலாவிலிருந்து வர ஆளுக்கு ஒரு விமான டிக்கெட், ஒரு பாஸ்போர்ட், ஒரு ஐரோப்பிய விசா. அணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பையன்கள், கூட மூன்று பெரியவர்கள். ஸ்பான்சர் கிடைக்காத வருஷம் குட்னோ கனவிலும் வராது.

சாமான்களும் மலிவில்லை. பேஸ்பாலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளவுஸ் வேண்டும், கேட்சருக்கு முகமூடியும் மார்புக் கவசமும் வேண்டும். உகாண்டாவின் பல பள்ளிகளில் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் பழைய கிளவுஸ்களை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

வில்லியம்ஸ்போர்ட்டில் பையன்கள் எங்கே தங்குவார்கள்?

மைதானத்தை ஒட்டிய விடுதி வளாகத்தில், எல்லா நாட்டுப் பையன்களும் சேர்ந்து. பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. ஒவ்வோர் அணிக்கும் துணையாக உள்ளூர்த் தன்னார்வலர்களை நியமிப்பார்கள். இவர்களை ரொம்ப காலம் "அங்கிள்" என்றே அழைத்து வந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே தேவையில்லை! ஆட்டம் இல்லாத நேரத்தில் பையன்கள் அணிச் சின்னம் பொறித்த பின்களை மாற்றிக்கொள்வதும், மைதானத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் அட்டைப்பெட்டியைப் போட்டுச் சறுக்குவதும் அங்கே வழக்கம்.

பெண் பிள்ளைகள் ஆடலாமா?

ஆடலாம், 1974 முதல். அதுவும் நீதிமன்றம் வரை போன பிறகுதான் விட்டார்கள். உலகத் தொடரில் ஆடிய முதல் பெண் விக்டோரியா ரோச், 1984-ல். அவர் வந்ததும் ஐரோப்பாவிலிருந்துதான், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் அணியில்.

2015-க்குப் பிறகு உகாண்டா ஏன் அதிகம் கண்ணில் படவில்லை?

முன்பே சொன்ன மண்டல மாற்றம்தான் முக்கியக் காரணம். பழைய மண்டலத்தில் ஒரு தஹ்ரானையும் ஒரு குவைத்தையும் தாண்டினால் போதும். புதிய மண்டலத்தில் இத்தாலி, செக் குடியரசு, ஸ்பெயின் எல்லாம் இருக்கின்றன. அங்கே பல தலைமுறைகளாக கிளப்புகள் உண்டு. 2013, 2014 இரண்டு ஆண்டும் செக் அணி போனது. 2018-ல் பார்சிலோனா, 2022-ல் பொலோனியாவை மையமாகக் கொண்ட இத்தாலிய அணி. 2022-ல் உலகத் தொடரையே 20 அணிகளாகப் பெரிதாக்கினார்கள், பத்து அமெரிக்காவுக்கு, பத்து மற்ற நாடுகளுக்கு. ஆனால் கூடுதலாகக் கிடைத்த வெளிநாட்டு இடங்கள் பனாமா, கியூபா, போர்ட்டோ ரிக்கோ பக்கம் போய்விட்டன. ஒரு கண்டம் முழுவதும் இன்னொரு கண்டத்தோடு ஒரே ஓர் இடத்துக்காக மல்லுக்கட்டும் ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை. கிளைகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறோம் என்று லிட்டில் லீக் சொல்லும். ஒருமுறைகூட டிவியில் தெரியாத ஊரில் கிளை எப்படிப் பெருகும் என்பது என் எதிர்க்கேள்வி.

இந்தியாவோ இலங்கையோ இதில் இருக்கிறதா?

இரண்டும் ஆசிய-பசிபிக் பக்கம். இதுவரை ஒரு முறையும் வில்லியம்ஸ்போர்ட் வரை போனதில்லை. அந்த மண்டலத்தில் தைவானும் தென் கொரியாவும் நிற்கின்றன. தைவான் 2025-ல் நெவாடா அணியை 7-0 என்று வென்று, 1996-க்குப் பிறகு முதல் முறையாகப் பட்டத்தைப் பிடித்தது. நம் பள்ளிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன, ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான சான்றிதழோடு பலருக்கு அந்த உறவு முடிந்துவிடுகிறது.

உகாண்டாவிலிருந்து யாராவது அமெரிக்கத் தொழில்முறை அணிகளுக்குப் போயிருக்கிறார்களா?

போயிருக்கிறார்கள். 2022-ல் பென் செருன்குமா, உமர் மாலே என்ற இருவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஒப்பந்தம் செய்தது. பிறகு டேவிட் மடோமா என்ற வேகமான பிட்சரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி எறிபவர். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆள், தென்னாப்பிரிக்காவின் கிஃப்ட் ங்கோபே, 2017 ஏப்ரலில் இறங்கியதும் அதே பைரேட்ஸ் அணிக்குத்தான். ஒப்பந்தம் ஆனதும் நேராக மேஜர் லீக் கிடைத்துவிடாது. அதற்குக் கீழே பல படிகள் உள்ள மைனர் லீக் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள். டாட்ஜர்ஸோ பைரேட்ஸோ ஆள் எடுக்கும்போது பாஸ்போர்ட், விசா அலைச்சலை அந்த அணியின் அலுவலகமே பார்த்துக்கொள்கிறது.